ஈப்புலிக்குப் பெயர் சூட்டல்: புதிய சிற்றின விவரிப்பில் தமிழின் இடம்

முன்னுரை

பதுங்கிப் பாய்ந்து ஈயைப் பிடிக்கும் சிறு சிலந்தியைத் தமிழர் ஈப்புலி என்பர். விலங்கியலார் இதனைச் சால்டிசிடே எனப்படும் தாவும் சிலந்திக் குடும்பத்துள் அடக்குவர். 6,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பமே சிலந்திகளுள் மிகப் பெரியது. இரைக்கு வலை விரிக்காமல், முன்புறத்துப் பெரிய கண்களால் தொலைவைக் கணித்துத் தாவுவது இதன் இயல்பு. ஓர் ஈப்புலி அறிவியலுக்குப் புதியது என எவ்வாறு நிறுவப்படுகிறது, அந்நடைமுறையில் தமிழுக்கு இடமுண்டா என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

புதுமையை நிறுவும் முறை

நிறம் மட்டும் சான்றாகாது. ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும் நிறத்தில் பெரிதும் வேறுபடுவதுண்டு. வளர்ச்சிப் பருவத்திற்கேற்பவும் தோற்றம் மாறும். ஆகவே, முதிர்ந்த உயிரியின் இனப்பெருக்க உறுப்புகளே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆணின் வாயருகே கால்போன்ற இரு சிற்றுறுப்புகள் உள்ளன. அவற்றின் நுனியிலுள்ள குமிழ் விந்தைத் தாங்கும். குமிழிலிருந்து நீளும் முள் அதனைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும். பெண்ணுக்கு வயிற்றின் அடிப்புறத்தில் இனப்பெருக்கத் தகடு அமைந்துள்ளது. முள்ளின் நீளம், வளைவு, தகட்டிலுள்ள திறப்புகளின் அமைவு ஆகியவற்றை நுண்ணோக்கியில் கண்டு வரைந்து, அப்பேரினத்தின் முன்னறிந்த சிற்றினங்களோடு ஒப்பிட வேண்டும்.

2021-இல் மகாராட்டிரத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஐசியஸ் துகாராமி இதற்குத் தக்க சான்று. துருவ் பிரஜாபதி, ஜான் காலேப் முதலியோர் இதனை ஆர்த்ரோபோடா செலக்டா என்னும் உருசிய ஆய்விதழில் ஆங்கிலத்தில் விவரித்தனர். 2008 மும்பைத் தாக்குதலின்போது ஆயுதம் ஏந்தியவரைப் பிடிக்க முயன்று உயிர்நீத்த காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

பன்னாட்டு நெறியும் மொழியும்

விலங்குகளின் பெயரீட்டைப் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு நெறித்தொகுப்பு ஆள்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2000 சனவரி 1 முதல் நடப்பிலுள்ளது. அதன்படி, பெயர் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும். அது புதியதென வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். பெயரைத் தாங்கும் மூலமாதிரி சுட்டப்பட்டு, அது வைக்கப்படும் இடமும் குறிக்கப்பட வேண்டும். பிற சிற்றினங்களிலிருந்து பிரித்தறியும் பண்புகள் சொற்களில் தரப்பட வேண்டும். அச்சொற்கள் எம்மொழியின என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. தாவரவியலில் 2011 முடிய இலத்தீன் விவரிப்பே கட்டாயமாயிருந்ததோடு இதனை ஒப்பிட்டால் இவ்வுரிமையின் அருமை விளங்கும்.

மேலும், இனங்காண் குறிப்பைப் பன்னாட்டு வழக்குடைய மொழியில் தருவதோடு, அவ்வுயிரி வாழும் பகுதியின் மொழியிலும் தருக என்று நெறித்தொகுப்பு பரிந்துரைக்கிறது. இது கட்டாயமன்று, எனினும், தமிழகத்தில் கண்டறியப்படும் சிற்றினத்திற்குத் தமிழ்க் குறிப்பு எழுதுவது அந்நெறியே விரும்பும் செயலாகும்.

தமிழ்க் குறிப்பின் தேவையும் எச்சரிக்கையும்

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் உடைமரத்திலோ பனையோலையிலோ காணும் ஈப்புலிகள் பலவாயினும், வழக்கில் பெயர் ஒன்றே. அதே வட்டாரத்துக் கடற்கரையில் முத்துச்சிப்பிப் படுகைக்குப் 'பார்' என்னும் தனிச்சொல் வாழ்கிறது. தொழிலுக்குத் தேவைப்பட்ட இடத்தில் மொழி நுண்மை பெற்றுள்ளது. ஆய்வுக்குத் தேவை எழுந்தால் ஈப்புலியின் உறுப்புகளுக்கும் அந்நுண்மை வாய்க்கும். 'கருநிறச் சிறு சிலந்தி' என்பது இனங்காண் குறிப்பாகாது. முள் எத்திசையில் வளைகிறது, நெருங்கிய சிற்றினத்தில் அது எவ்வாறு வேறுபடுகிறது என்று கூறுவதே குறிப்பாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மூலக் கட்டுரைக்கு முன்பே புதிய பெயரைத் தமிழிதழில் வெளியிட்டால், நெறியின் தேவைகள் நிறைவேறியிருப்பின் பெயர் அங்கேயே நிலைபெற்றுவிடும். நிறைவேறாவிடின் தகுதியற்ற வெற்றுப்பெயராய் நின்று குழப்பும். எனவே தமிழ்க் குறிப்பு மூலக் கட்டுரையினுள்ளேயே இடம்பெறல் நன்று. இணையத்தில் மட்டும் வெளிவரும் விலங்கியல் இதழாயின், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சூபேங்க் பதிவேட்டில் முன்பதிவும் இன்றியமையாதது.

முடிவுரை

புதிய சிற்றினத்தின் பெயர் இலத்தீன் எழுத்தில் நிற்பினும், அதனை அடையாளம் காட்டும் சொற்கள் தமிழாகவும் இருக்கலாம். ஒரு பத்தித் தமிழ்க் குறிப்பு, அவ்வுயிரி வாழும் ஊரின் மாணவர் அதனைத் தம் மொழியிலேயே இனங்காண உதவும். விலங்கியல் துறையினரும் தமிழ்த் துறையினரும் கூடி உறுப்புப் பெயர்களை வரையறுப்பதே இதற்கான முதற்பணி.