கழுவாத கலனில் கரையும் கரும்பு

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க இந்தியா முதலில் குறித்த ஆண்டு 2030. பிறகு அதை 2025-26க்கு முன்னுக்கு இழுத்தது. அந்த வேகத்தில் நாடெங்கும் எத்தனால் ஆலைகள் பெருகின. கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போன சித்தூர் மாவட்டத்தில், வெதுருகுப்பம் போன்ற ஓர் ஊருக்கு ஆலை வருகிறது என்றால் வேலை எத்தனை பேருக்கு, கரும்புக்கு என்ன விலை என்றுதான் பேச்சு எழும். ஆலையை எப்படிக் கழுவுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆலையின் லாபமும் ஊரின் நிலத்தடி நீரும் பெரிதும் அந்தக் கழுவலைப் பொறுத்தவை.

கணக்குப்படி 100 கிலோ குளுக்கோஸை ஈஸ்ட் நொதிக்க வைத்தால் 51 கிலோ எத்தனால்தான் கிடைக்க முடியும். அதிலும் பங்கு கேட்டு வருபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். வால்வு இடுக்கிலும் குழாய் வளைவிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, ஈஸ்டுக்குரிய சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் ஈஸ்டையும் முடக்குகிறது. வடிப்புப் பகுதியில் வேறு தொல்லை. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸில் உள்ள சுண்ணாம்புச் சத்து கால்சியம் சல்பேட்டாக வடிகலனிலும் ஆவியாக்கியிலும் படிகிறது. படிவு வெப்பத்தைத் தடுப்பதால், அதே வேலைக்குக் கூடுதல் நீராவி, கூடுதல் எரிபொருள்.

ஒவ்வோர் அழுக்குக்கும் ஒவ்வொரு மருந்து. ஈஸ்ட், புரதப் படலத்துக்குச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல். கார்பனேட் படிவுக்கு அமிலம். கால்சியம் சல்பேட் சாதாரண அமிலத்துக்கு அசையாது. முதலில் சோடா உப்பால் அதைக் கார்பனேட்டாக மாற்றி, பிறகு அமிலம் விட வேண்டும். முறை தெரியாமல் இறங்கினால் ஆபத்து. நொதிகலனில் கரியமில வாயு நிற்கும்போதே காஸ்டிக்கைப் பாய்ச்சினால், அது வாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கலனே உள்நோக்கி நசுங்கலாம். அந்த வாயு இருக்கும் கலனுக்குள் இறங்கும் தொழிலாளி மூச்சடைத்துச் சாகவும் கூடும்.

கழுவ ஆலையை நிறுத்தினால் நஷ்டம்தானே என்று நிர்வாகத்தார் கேட்கலாம். நிறுத்தும் மணிநேரம் கணக்கில் தெரிகிறது. படிவால் தினமும் வீணாகும் நீராவியும் அமிலமாகிப் போன சர்க்கரையும் தனியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் ஊற்றினால் போதாதா என்றால், படலத்துக்குள் பதுங்கிய கிருமியை மருந்து எளிதில் எட்டாது. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளே மிஞ்சும். கழுவலுக்கு ஈடாக மருந்து நிற்காது.

வலுவான ஆட்சேபம் ஊராருடையது: கழுவிய ரசாயனம் எங்கே போகிறது? எத்தனால் ஆலையால் நிலத்தடி நீர் கெடுகிறது என்ற புகாரோடு பஞ்சாபின் ஜீராவில் 2022இல் மக்கள் திரண்டார்கள். 2023 ஜனவரியில் அந்த ஆலையை மூடுவதாக மாநில முதல்வர் அறிவித்தார். மொலாசஸ் ஆலையில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கழிவுநீர் வரும். அதோடு காஸ்டிக் சேர்ந்து வயலுக்குப் போனால், சோடியம் மண்ணை இறுக்கிக் களராக்கும். இதற்காகக் கழுவாமல் இருக்க முடியாது. காஸ்டிக்கைத் தொட்டியில் சேர்த்து மறுபடி பயன்படுத்துவதும், கடைசிக் கழிவைச் சமன்படுத்தி, வெளியே சொட்டுக்கூட விடாமல் ஆலைக்குள்ளேயே முடிப்பதும்தான் வழி. மொலாசஸ் ஆலைகள் கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனையும்கூட. ஆகவே ஊருக்கு ஆலை வரும்போது வேலையையும் விலையையும் கேட்பவர்கள், கழுவிய நீரின் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.