எந்த மலை எளிது, எது கடினம்?

ஒரு மலைப்பாதையை ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று வகைப்படுத்துவது பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் மற்ற பாதைகளோடு ஒப்பிட்டுத்தான். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவின் உயரம் 163.63 மீட்டர். அங்கே கடினம் எனப்படும் செங்குத்தான படிவரிசை, மலேசியாவின் சாபாவில் உள்ள கினபாலு மலையில் பேசப்படாமலே கடந்துபோகும் சிறு ஏற்றம். ஆகவே இரு நாட்டு மலைகளை ஒப்பிடும்போது பலகையில் உள்ள சொல்லை நம்பாமல், ஏற்றம், நிலத்தின் தன்மை, காற்று, வானிலை ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலில் ஏற்றம். உச்சியின் உயரம் வேறு, கால்கள் ஏறும் உயரம் வேறு. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமானது. ஆனால் உச்சிக்கு அருகிலேயே வாகனச் சாலை போகிறது. இலங்கையின் சிவனொளிபாதமலை அதைவிடத் தாழ்வு, 2,243 மீட்டர்தான். ஆனால் நல்லதண்ணியிலிருந்து போகும் பக்தர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் சுமார் 1,000 மீட்டர் ஏற வேண்டும். கினபாலுவில் நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரிலும் உச்சி 4,095 மீட்டரிலும் உள்ளன. இடையில் உள்ள 2,229 மீட்டரை சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் உள்ள 12 மாடி வீவக புளோக் ஒன்றில் ஏறித் தீர்ப்பதென்றால், அதன் படிக்கட்டில் எழுபது முறைக்கு மேல் ஏற வேண்டும்.

ஏற்றத்தையும் தூரத்தையும் சேர்த்து நேரம் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி வகுத்தார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். கினபாலுவின் முதல் நாள் நடை 6 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். இவ்விதிப்படி மூன்றரை மணி நேரம் போதும். பலருக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகிறது. இந்த விதி ஓய்வையும் கரடுமுரடான தரையையும் மெலிந்த காற்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது நிலத்தின் தன்மை. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் சங்கம் பாதைகளை டி1 முதல் டி6 வரை பிரிக்கிறது. டி1 அகலமான, சீரான பாதை. டி4இல் ஆங்காங்கே கைகளையும் ஊன்ற வேண்டும். டி6 பாறை ஏற்றத்தை நெருங்கியது. இந்த எண் தரையின் சிரமத்தைச் சொல்கிறதே தவிர, நடை இரண்டு மணி நேரமா பத்து மணி நேரமா என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி முறையும் அப்படித்தான்: முதல் வகுப்பு வெறும் நடை, மூன்றாவது கைகளால் பற்றி ஏறுவது, ஐந்தாவது கயிற்றோடு ஏறும் பாறை. தமிழ்நாட்டின் பர்வதமலையில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. ஜோகூரின் 1,276 மீட்டர் லேடாங் மலையின் மேல்பகுதியிலும் கயிறும் ஏணியும் தேவைப்படுகின்றன. தூரம் குறைவு என்பதற்காக இவற்றை எளிய பாதைகள் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது காற்று. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். கினபாலு உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைகிறது. நல்ல உடற்பயிற்சி உள்ளவரையும் இது விடுவதில்லை.

நான்காவது வானிலை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். விடியலுக்கு முன் கினபாலுவில் ஈரமான கருங்கல் சரிவில் குளிர்காற்று அடிக்கும். தாழ்ந்த மழைக்காட்டில் சிரமம் வேறு வகை: ஈரப்பதத்தால் வியர்வை உலராது, உடல் சூடு தணியாது, நனைந்த வேர்களும் சேறும் வழுக்கும்.

இவற்றுள் சிலவற்றுக்கு ஊரிலேயே தயாராகலாம். ஆங் மோ கியோவை ஒட்டிய லோவர் பியர்ஸ் காட்டுப் பாதைகளில் நடந்தால் வெப்பமும் வேர்களும் பழகும். புளோக் படிக்கட்டு கால்களையும் மூச்சையும் வலுப்படுத்தும். உயரத்துக்கு உடல் பழக ஊரில் வழியில்லை. அதற்கு மலையிலேயே மெதுவாக ஏறி, இரவு தங்கி, அறிகுறி தெரிந்தால் இறங்கிவிட வேண்டும்.