சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் சின்னப் பிள்ளைக்கு வாய்க்கு ருசியாய் என்ன கொடுக்கலாம்?



பிள்ளைகளை நிறுக்கும் நாளில் தராசுக்குப் பக்கத்தில் நாங்கள் அதிகம் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "எம்புள்ள ஒண்ணுமே திங்க மாட்டேங்குதுங்க. வாயத் தொறந்தாத்தானே குடுக்குறதுக்கு?" இப்படிச் சொல்லும் தாய்மார் பொய் சொல்வதில்லை. விடியற்காலையில் எழும்பி அடுப்பு மூட்டி, மலைக்கு ஓடி, மாலையில் களைத்து வரும் தாய்க்கு, ஆக்கிய சோற்றைப் பிள்ளை துப்பினால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இது சின்ன விசயம் அல்ல. 2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 100க்கு 32 பேர் அளவில்! இதற்குக் காரணம் பல. கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கிடைத்த சாப்பாடு, வருமானம், தண்ணீர், மலசலகூடம் எல்லாம் இதில் சேரும். தாய் மேல் மட்டும் பழி போடுவது நியாயமல்ல. ஆனாலும் நம் அடுப்படியில் நாமே மாற்றக்கூடிய காரியங்களும் உண்டு. அவற்றைத்தான் இங்கே பேசுகிறோம்.

பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேங்குது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1 வயதுக்குப் பிறகு பிள்ளைக்குப் பசி கொஞ்சம் குறைவது இயற்கை. 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருசத்தில் 9 கிலோ அளவுக்கு வந்துவிடும். இரண்டாவது வருசத்தில் கூடுவது 2 கிலோ, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகிறது. அதோடு இந்த வயதில்தான் நடக்கவும் பேசவும் பழகி, "வேணாம்" என்று சொல்லவும் பிள்ளை படிக்கிறது. புதுச் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவதும் இந்த வயதின் குணம்.

இவை இயற்கைக் காரணங்கள். நாம் உண்டாக்கும் காரணங்களும் இருக்கின்றன.

ஒன்று, தேத்தண்ணி. பிள்ளை அழுதால் சீனி போட்ட சாயத்தண்ணி, பிறகு அதில் தோய்த்த பிஸ்கட். பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணியும் சீனியும் போய் நிறைந்த பிறகு சோற்றுக்கு இடம் ஏது? அது மட்டுமல்ல, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்துபோகும், பசியும் இன்னும் குறையும். நாம் பறிக்கும் கொழுந்து ஊர் உலகத்துக்கெல்லாம் தெம்பு கொடுக்கலாம். ஆனால் 2 வயதுப் பிள்ளைக்கு அது சாப்பாடு ஆகாது. பால்மா கரைத்த பாலும் அப்படித்தான். நாளுக்கு அரை லீட்டருக்கு மேல் குடித்தால் பிள்ளை சாப்பாட்டைத் தொடாது.

இரண்டாவது, நம் சாப்பாடு பிள்ளையின் வாய்க்கு ஒத்துவருவதில்லை. காலையில் சுட்ட கோதுமை மா ரொட்டி மத்தியானம் தோல் மாதிரி ஆகிவிடும். நாலு பல் முளைத்த பிள்ளை அதை எப்படிக் கடிக்கும்? கட்டைச் சம்பலும் உறைப்புக் கறியும் நமக்கு ருசி. பிள்ளைக்கு நாக்கு எரியும். ஒருமுறை எரிந்தால் மறுமுறை கோப்பையைக் கண்டதுமே வாயை மூடிக்கொள்ளும்.

ஆக, சாப்பிடாத பிள்ளை எல்லாம் பசி இல்லாத பிள்ளை அல்ல. பலர் வயிறு தண்ணியால் நிறைந்த பிள்ளைகள், இல்லாவிட்டால் வாய்க்கு ஒத்த சாப்பாடு கிடைக்காத பிள்ளைகள்.

தனிச் சமையல் வேண்டாம், தனிப் பங்கு போதும்

"புள்ளைக்குத் தனியா ஆக்க நேரமும் இல்ல, விறகும் இல்ல" என்று நீங்கள் சொல்வது சரிதான். தனியாக ஆக்கத் தேவையில்லை. பருப்போ மரக்கறியோ வெந்ததும், மிளகாய்த்தூள் போடுமுன் பிள்ளையின் பங்கை ஒரு கோப்பையில் எடுத்து மூடி வையுங்கள். அதன் பிறகு உங்கள் கறிக்கு உறைப்பைப் போடுங்கள். அடுப்பும் ஒன்று, சட்டியும் ஒன்று.

பிள்ளையின் பங்கு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது. கஞ்சித் தண்ணியில் வயிறு நிறையுமே தவிர பிள்ளை வளராது. ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்தால் சாப்பாடு வழுவழுப்பாக இறங்கும், பலமும் கூடும்.

செய்து பாருங்கள்

மூன்று நிறச் சோறு: ஒரு பிடி அரிசி, அரைப் பிடி மைசூர் பருப்பு, ஒரு துண்டு பூசணி அல்லது கரட் எல்லாவற்றையும் தண்ணி தாராளமாக விட்டுக் குழைய வேக விடுங்கள். இறக்குவதற்கு 5 நிமிசம் முன்பு பொன்னாங்காணியோ வேறு கீரையோ பொடியாக அரிந்து போடுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துக் கொடுங்கள். மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாய்க் கண்ணுக்கே நன்றாக இருக்கும். பக்கத்தில் தேசிக்காய் இருந்தால் இரண்டு சொட்டு விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும்.

முட்டைக் குட்டி ரொட்டி: ஒரு கோப்பை கோதுமை மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, துருவிய கரட், ஒரு முட்டை, உப்பு கொஞ்சம். தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அளவுக்குச் சின்னச் சின்னதாய் கல்லில் ஊற்றிச் சுடுங்கள். மெத்தென்று இருக்கும். பிள்ளை தானே கையில் பிடித்துத் தின்னும். மத்தியானம் கொடுக்கும்போது பருப்புக் குழம்பில் ஊற வைத்துக் கொடுக்கலாம்.

நெத்தலித் தூள்: நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, இளஞ்சூட்டுத் தண்ணியில் ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். ஈரம் உலர்ந்ததும் மொறுமொறுவென்று வறுத்து, இடித்துச் சலித்துக் காற்றுப் போகாத போத்தலில் வையுங்கள். பிள்ளையின் சோற்றில் ஒரு தேக்கரண்டி தூவினால் போதும். மீனின் சத்தும் முள்ளில் உள்ள கல்சியமும் சேர்ந்து கிடைக்கும். இந்தச் சாப்பாட்டுக்கு வேறு உப்பு போட வேண்டாம்.

பயறுப் பாற்சோறு: பச்சைப்பயறை இரவே ஊறவைத்து, காலையில் அரிசியோடு நன்றாக வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கிளறுங்கள். தட்டில் பரப்பிச் சின்னச் சின்னக் கட்டியாய் வெட்டிக் கொடுங்கள். ஒரு நாள் சதுரம், ஒரு நாள் பிறை நிலா. உருவம் மாறினால் பிள்ளைக்கு அது புதுச் சாப்பாடு!

திரிபோஷா உருண்டை: சோளமும் சோயாவும் விற்றமின்களும் சேர்ந்த திரிபோஷா 1973 முதல் நம் நாட்டில் கொடுக்கப்பட்டு வருகிறது. கிளினிக்கில் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்தால் அது அந்தப் பிள்ளைக்கே உரியது. ஒரு நாள் பங்கு 50 கிராம். அதை வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் பிரித்தால் யாருக்குமே பலன் இல்லை. தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீனி, கொதித்து ஆறிய தண்ணி சேர்த்து மெதுவாய்ப் பிசைந்து, சின்னதாக உருட்டித் தட்டையாக அமுக்கிக் கொடுங்கள். உடனுக்குடன் பிசைந்து உடனே கொடுக்க வேண்டும்.

இவற்றோடு காலத்துக்குக் காலம் கிடைக்கும் வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, ஆனைக்கொய்யா என்கிற பட்டர்புருட் பழம் எல்லாம் மசித்துக் கொடுக்கலாம். சம்பள நாளில் வாங்கும் டொபியின் காசையும் ஒரு முட்டையின் காசையும் கடையில் ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். எது பிள்ளைக்கு இலாபம் என்று உங்களுக்கே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை: முழுக் கச்சான், முழுக் கடலை, உருண்டையான டொபி இவற்றைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். தொண்டையில் அடைத்துவிடும். கடலையை அவித்து, தோல் எடுத்து, நன்றாக மசித்தே கொடுக்க வேண்டும்.

எத்தனை தரம், எவ்வளவு?

1 வயதிலிருந்து 2 வயது வரை நாளுக்கு 3 அல்லது 4 தரம் சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு தரம் பழமோ உருண்டையோ. ஒரு தரத்துக்கு 250 மில்லிலீட்டர் கோப்பையில் முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை வரை. 2 வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆனால் 1 வயது தாண்டியவர்களுக்கு முதலில் சாப்பாடு, பிறகு பால்.

பகலில் பிள்ளைக்காம்பராவில் விடும்போது ஆயம்மாவிடம் சாப்பாட்டைக் கொடுப்பதோடு, "நேத்து இது புடிச்சிச்சு, இது புடிக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மாலையில் எவ்வளவு சாப்பிட்டது என்று கேளுங்கள்.

இரவுதான் பெரிய பிரச்சினை. 5 மணிக்கு வீடு வந்து, தண்ணி எடுத்து, சோறு ஆக்கி முடிக்க 8 மணி ஆகிவிடுகிறது. பிள்ளையோ 7 மணிக்கே உறங்கிவிடும். இப்படி எத்தனை பிள்ளைகள் இராச்சாப்பாடு இல்லாமல் படுக்கின்றன! ஆகவே சோறும் பருப்பும் வெந்த உடனே, மற்றக் கறி ஆகும்வரை காத்திராமல் பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். அம்மா அடுப்படியில் நிற்கும்போது அப்பா ஊட்டலாமே! அது ஆம்பிளைக்குக் குறைச்சல் இல்லை. உறக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் மட்டும் ஊட்ட வேண்டாம். புரையேறிவிடும்.

ஊட்டும் முறை

பிள்ளைக்குத் தனிக் கோப்பை வையுங்கள். அப்போதுதான் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். முதலில் கொஞ்சமாக வைத்து, முடிந்ததும் இன்னும் வையுங்கள். மலை மாதிரி குவித்து வைத்தால் பிள்ளை பார்த்தே பயந்துவிடும்.

அண்ணன், அக்காவோடு உட்கார வையுங்கள். மற்றவர்கள் தின்பதைப் பார்த்துப் பிள்ளையும் தின்னும். தானே அள்ளித் தின்ன விடுங்கள். சிந்தினால் கூட்டிக்கொள்ளலாம். "அம்மாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்" என்று கதை சொல்லி ஊட்டிய பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இப்போது கதைக்குப் பதில் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். படம் பார்க்கும் பிள்ளைக்குத் தான் என்ன தின்கிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

அடித்து ஊட்டாதீர்கள். மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தின்னாவிட்டால் கோபப்படாமல் எடுத்து வைத்துவிட்டு அடுத்த நேரம் கொடுங்கள். இடையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள். ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 தரம், 10 தரம், சில வேளை 15 தரம்கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு தரம் துப்பியதும் "இது புள்ளைக்குப் புடிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

சவர்க்காரம் போட்டு நம் கையையும் பிள்ளையின் கையையும் கழுவுவதை மறக்காதீர்கள். வயிற்றோட்டம் ஒருதரம் வந்தால் ஒரு மாதம் கூட்டிய எடை ஒரு வாரத்தில் போய்விடும்.

எப்போது காட்ட வேண்டும்?

ஓடி ஆடி விளையாடுகிற, அட்டையில் எடைக்கோடு மேலே ஏறுகிற பிள்ளை கொஞ்சமாய்ச் சாப்பிட்டாலும் பயப்படத் தேவையில்லை. ஆனால் கோடு ஏறாமல் நின்றாலோ, கீழே இறங்கினாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, மண் தின்றாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ உடனே மிட்வைப் அம்மாவிடமோ டொக்டரிடமோ காட்டுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் புழு மருந்தையும் விற்றமின் ஏ மருந்தையும் தவற விடாதீர்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் தேத்தண்ணியை நிறுத்தி, உறைப்புப் போடுமுன் அதன் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த நிறுவை நாளில் அட்டையோடு வாருங்கள். கோடு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.