ஒரு மணி, பல கருவிகள்

விசைப்பலகை, வட்டு போன்ற கருவிகள் கணிப்பொறியின் மையச் செயலகத்தை அழைக்க எழுப்பும் மணியே 'குறுக்கீடு' எனப்படும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இதற்கு 8 கம்பிகளே இருந்தன. கருவிகள் பெருகவே, பின்னர் வந்த பி.சி.ஐ. முறையில் பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன.

மணி ஒலித்தால், அழைத்தது யார்? லினக்ஸ் அக்கம்பிக்குரிய இயக்கி நிரல்களை வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றும் தன் கருவியின் நிலைப்பதிவகத்தைப் பார்த்து, "என்னுடையது" அல்லது "என்னுடையதன்று" என உண்மை கூற வேண்டும். தன்னுடையதாயின் கருவிக்கு வேண்டியதைச் செய்து, மணியை அடக்க வேண்டும். 1,00,000 அழைப்புகளில் 99,900க்கு மேல் எவரும் பொறுப்பேற்காவிடில், லினக்ஸ் அக்கம்பியையே அடைத்துவிடும். குற்றமற்ற கருவிகளும் முடங்கும்!

ஒருவர் கடமை தவறினால் உடனிருப்போரும் துன்புறுவர். இதை நாமும் நினைவில் கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி