சும்மா பிடிப்பாங்களே?

இலங்கையின் பழைய அடையாள அட்டையை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை, பார்த்தாலே போதும். சிங்களவரின் அட்டையில் சிங்கள எழுத்து மட்டும். தமிழரின் அட்டையில் அதற்குப் பக்கத்தில் தமிழும் இருக்கும். தன் பெயர் தன் மொழியில் இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் போர்க்காலத்தில் சென்றியில் நின்ற ஆமிக்காரனுக்கு அந்த எழுத்தே அடையாளக் குறியாகிவிட்டது. அட்டையைத் திருப்பினால் பிறந்த இடம். அது யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்றால் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கவேண்டியதுதான். மற்றவர்கள் சன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதே நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 13(5) என்றொரு உறுப்புரை உண்டு. குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை எவரையும் சுத்தவாளியென்றே ஊகிக்க வேண்டும் என்கிறது அது. சுத்தவாளி எவ்வளவு அழகான சொல்! ஆனால் சில விஷயங்களை எண்பிக்கும் சுமையைச் சட்டத்தின் மூலம் எதிரியின் தலையிலேயே வைக்கலாம் என்ற வாசகமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டே பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 18 மாதம் தடுத்துவைக்க 2022 வரை அது இடம் கொடுத்தது. பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் அடித்து வாங்கியது என்றால், அடிவாங்கியவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

நீதிமன்றத்திலாவது சட்டத்தரணி இருப்பார், தவணை இருக்கும். போர்க்காலத்துத் தெருவில் உங்கள் சுத்தம் சட்டைப்பையில் இருக்கும் கடதாசிகளில்தான். ஐசி, பொலிஸ் பதிவுத் துண்டு, வைத்தியரின் கடிதம், எம்பசிக் கடிதம். சென்றி வருமுன் பொட்டை அழித்துக்கொண்ட பெண்களை எங்களில் பலருக்குத் தெரியும். சுற்றிவளைப்பென்றால் கடதாசியும் உதவாது. முகத்தை மூடிய ஒருவன் முன்னால் வரிசையாக நடக்கவேண்டும். அவன் தலை அசைந்தால் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என்ன ஆதாரம் என்று கேட்க ஆளில்லை. இதற்கென்றே ‘தலையாட்டி’ என்று ஒரு சொல் எங்கள் தமிழில் வந்து சேர்ந்தது.

2007 ஜூன் 7ஆம் திகதி நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிஸ் நுழைந்தது. அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் வெளிநாட்டு விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கும் தமிழர்கள் என்று சொல்லி 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் அனுப்பினார்கள். முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையை மூடியாயிற்று. வவுனியாவில் இறக்கிவிடப்பட்ட யாழ்ப்பாணத்து ஆள் வீட்டுக்குப் போவது எப்படி? கப்பலோ விமானமோதான் வழி. ஊருக்கு அனுப்புகிறோம் என்றவர்கள் நடுவழியில் விட்டார்கள்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பஸ்களில் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். சொந்த நாட்டில் விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று 14ஆம் உறுப்புரை சொல்கிறது, காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்கும் அந்தக் கேள்வியே குற்றச்சாட்டு என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தரம் கைகட்டி நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு அதைவிட அந்தரமாக இருப்பது வேறொன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுகளில் 250க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எட்டு நாளில் முகத்தை மூடும் ஆடைக்குத் தடை வந்தது. அபாயா போட்டவரை முறைத்தார்கள், வீட்டில் அரபு எழுத்துப் புத்தகம் இருந்தால் சந்தேகப்பட்டார்கள். கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச் சக்கரம் என்ற சந்தேகத்தில் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார். ‘சும்மா பிடிப்பாங்களே, ஏதும் இருந்திருக்கும்’ என்று அப்போது எங்கள் ஆட்களே சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோது அயல்வீட்டுச் சிங்களவர் சொன்ன அதே வசனம். ஆமிக்கும் பொலிசுக்கும் துவக்கைவிட இந்த வசனம்தான் கூட உதவியது என்பது என் எண்ணம். அவசரகால விதிகளை ஒரு நாளில் நீக்கலாம். இதை யார் நீக்குவது?

மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதானார். ‘நவரசம்’ என்ற அவரது தமிழ்க் கவிதைப் புத்தகம் தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதற்குள் இருந்தன. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். அந்தப் புத்தகத்தை தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்து முடிக்க ஒரு பின்னேரம் போதும்.