அளந்து ஊட்ட வேண்டிய புரதம்

மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பதே யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தாய்மார் எங்கும் கேட்கும் அறிவுரை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பொருத்தமானதே. ஆயினும், அதே உணவு மூளையைப் பாதிக்கின்ற அரிய பிறவிநோய் ஒன்றும் உண்டு.

பினைல்கீற்றோனூரியா எனப்படும் அந்நோயை 1934 இல் நோர்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இனங்கண்டார். புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தைரோசினாக மாற்றும் ஈரல் நொதியம் இப்பிள்ளைகளிடம் போதியளவு செயற்படுவதில்லை. எஞ்சிய அமிலம் குருதியில் பெருகி, வளரும் மூளையைத் தாக்குகின்றது. பிறக்கும்போது பிள்ளை நலமாகவே தோன்றும். அறிகுறி தெரியவரும்போது ஏற்பட்டுவிட்ட சேதத்தை முற்றாக மீட்க முடியாது. 1950களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் குழுவினர், அந்த அமிலம் குறைந்த உணவினால் ஒரு சிறுமியின் நிலை முன்னேறியதைக் காட்டினர்.

முட்டையும் மீனும் உயர்தரப் புரதம் எனப்படுவது, உடலுக்கு அத்தியாவசியமான எல்லா அமினோ அமிலங்களும் அவற்றில் நிறைந்திருப்பதனாலேயே. இப்பிள்ளைகளுக்கு அவை ஒவ்வாமற்போவதும் அதே காரணத்தினால்தான். மரக்கறி உணவு போதும் என எண்ணுவதும் தவறு. பருப்பு, உழுந்து, கடலை, சோயா ஆகியவற்றிலும் அந்த அமிலம் மிகுதி. ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பினைல்அலனின் உண்டு. ஆகவே ஒரு கோழிமுட்டையில் உள்ளது சுமார் 300 மில்லிகிராம். கடும் நிலையிலுள்ள பல பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்படுவதே ஏறத்தாழ அவ்வளவுதான். சோற்றையும் நிறுத்தே பரிமாற வேண்டும். மரவள்ளி, சவ்வரிசி, பழங்கள் போன்றவை புரதம் குறைந்தவை.

அதற்காகப் புரதத்தை அறவே நிறுத்திவிடவும் கூடாது. வளர்ச்சி தடைப்படும், உடல் தன் தசையையே கரைக்க, குருதியில் அந்த அமிலம் மேலும் உயரும். எனவே, பினைல்அலனின் நீக்கப்பட்டுத் தைரோசின் சேர்க்கப்பட்ட விசேட அமினோ அமில மாவே இவர்களின் பிரதான புரதமாகும். அதை நாளில் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் மருத்துவர் வகுக்கும் அளவில் தொடரலாம்.

நெடுநேரம் பட்டினி கிடப்பது இப்பிள்ளைகளுக்கு ஆகாது. ஆகையால், விரதமாயினும் நோன்பாயினும் மருத்துவ ஆலோசனை அவசியம். நோயுற்றோருக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை முஸ்லிம் பெற்றோர் அறிவர். கோயில் அன்னதானத்திலோ நோன்புக் கஞ்சியிலோ ‘ஒரு வாய்தானே’ என அன்போடு ஊட்டும் உறவினருக்கும் இதனை விளக்க வேண்டும். அஸ்பார்ட்டேம் சேர்ந்த பானங்களும் விலக்கத்தக்கவை.

தாய், தந்தை இருவரும் இக்குறையுள்ள பரம்பரையலகைக் காவுவோராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரு சமூகங்களிலும் வழக்கிலுள்ள நெருங்கிய உறவுத் திருமணம் இவ்வாய்ப்பைக் கூட்டுகின்றது. எவரையும் குறைகூறுவதற்காக அன்றி, முன்னெச்சரிக்கைக்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

தைரொயிட் குறைபாட்டை அறியச் சிசுவின் குதிகாலில் குருதி பெறும் நடைமுறை நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. அவ்வாறு பெறும் குருதித்துளியிலேயே இந்நோயையும் கண்டறியலாம் என்பதை 1960களில் அமெரிக்கரான றொபேர்ட் கத்ரி நிறுவினார். சோதனையோடு விசேட மாவும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். மா கிடைக்காவிடின், நோயைக் கண்டறிந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. நோயாளர் சிலரே என்பது இதனைத் தள்ளிப்போடுவதற்குரிய காரணமாகாது.