வெளிப்புற வன்தட்டு: எந்தக் கோப்பு முறைமை ஏற்றது?

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இடையிலான கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகளின் இணைய வசதி செயற்கைக்கோளையே பெரிதும் சார்ந்திருந்தது. இணையம் மேம்பட்ட பின்னரும், ஜங்லிகாட் மீன் இறங்குதுறையை ஒட்டித் தொழில் செய்வோர் முதல் இல்லத்தரசியர் வரை பலருக்கும் கணக்குகள், பத்திர நகல்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றைக் காக்க வெளிப்புற வன்தட்டு பயன்படுகிறது. அதனை வாங்கியவுடன் கவனிக்க வேண்டியது அதன் கோப்பு முறைமை. எந்தக் கோப்பு எங்குள்ளது என்று வன்தட்டு வைத்திருக்கும் பேரேடு அது எனலாம்.

பரவலாக உள்ளவை மூன்று.

எஃப்ஏடி32: பழைய தொலைக்காட்சி, இசைக்கருவி உட்பட ஏறத்தாழ எல்லாச் சாதனங்களும் இதனைப் படிக்கும். ஆனால் தனியொரு கோப்பு 4 ஜிபி அளவை எட்டினால் ஏற்காது. இடம் மிகுதியாக இருந்தும் திருமணக் காணொளி பதிவாக மறுப்பதன் காரணம் இதுவே.

என்டிஎஃப்எஸ்: விண்டோஸ் கணினிக்கு உகந்தது. வணிகக் கணக்கில் முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பின்பு பேரேட்டுக்கு எடுத்தெழுதுகிறோம் அல்லவா? இம்முறைமையும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்கிறது. இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் அதன் அட்டவணை எளிதில் குலைவதில்லை. எனினும் ஆப்பிள் மேக் கணினி இதனைப் படிக்குமேயன்றி, கூடுதல் மென்பொருளின்றி இதில் எழுதாது.

எக்ஸ்ஃபேட்: விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் இயலும், 4 ஜிபி வரம்பும் இல்லை. ஆனால் குறிப்பேட்டுப் பாதுகாப்பு இல்லாததால், வன்தட்டை 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளைக்குப் பின்னரே கழற்ற வேண்டும்.

ஆக, விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துவோர் என்டிஎஃப்எஸ் முறைமையையும், இருவகைக் கணினிகளையும் பயன்படுத்துவோர் எக்ஸ்ஃபேட் முறைமையையும் தேர்ந்தெடுக்கலாம். தற்போது உள்ளது எதுவென அறிய, விண்டோஸில் வன்தட்டின் குறியீட்டை வலச்சொடுக்கி 'பண்புகள்' பகுதியைக் காண்க.

மாற்றும்போதுதான் இழப்பு நேர்கிறது. எஃப்ஏடி32-இலிருந்து என்டிஎஃப்எஸ்-க்கு, விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளை கோப்புகளை அழிக்காமலே மாற்றும். அதே வழியில் திரும்ப இயலாது. எக்ஸ்ஃபேட் தொடர்பான மாற்றங்களுக்கு அக்கட்டளை உதவாது; வன்தட்டை வடிவமைப்பதே வழி. வடிவமைத்தால் உள்ளிருப்பவை யாவும் நீங்கும்.

எனவே எந்த மாற்றத்துக்கும் முன், கோப்புகளை வேறொரு வன்தட்டிலோ கணினியிலோ நகலெடுத்து, சிலவற்றைத் திறந்து சரிபார்த்த பின்னரே தொடங்குமாறு வேண்டுகிறோம். மாற்றம் முடிந்த பின்னும் அந்நகலை அழித்துவிட வேண்டாம். ஆதார், பான் அட்டை நகல்கள் உள்ள வன்தட்டைக் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்வது நன்று. வங்கிக் கடவுச்சொல்லையும் ஏடிஎம் இரகசிய எண்ணையும் அதில் எழுதி வைக்கவே கூடாது.